சண்டிகேசுவரர் முன்னே கைதட்டலாமா?

அண்ணாமலையார் கருவறையை வலம் வரும்போது வடபுறத்தில், அபிஷேக நீர் வெளியேறும் கோமுகிக்கு அருகில், சண்டிகேசுவரர் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பார். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் அவருக்கு வழக்கமான இடம் அதுதான். வரிசையில் வருகிறவர்கள் அங்கே ஒரு நொடி நின்று, இரண்டு மூன்று முறை கைதட்டிவிட்டு நகர்வார்கள். சிலர் விரலைச் சொடுக்குவார்கள். உடுத்தியிருக்கும் துணியிலிருந்து ஒரு நூலை உருவிப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "அவருக்குக் காது கேக்காது, தட்டினாத்தான் திரும்பிப் பாப்பாரு" என்பார் ஒருவர். "கோயில்லேருந்து எதையும் எடுத்துட்டுப் போகலைன்னு கையைத் தட்டிக் காட்டுறோம்" என்பார் இன்னொருவர்.

இரண்டாவது பதிலுக்கு வரலாற்றில் வேர் உண்டு. சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில்தான் நடந்தன. 'ஆதிதாச சண்டேசுவரர்' என்று அவரைக் குறிக்கும் கல்வெட்டுகள் பல கிடைத்திருக்கின்றன. கோயில் சொத்துக்குப் பொறுப்பானவரிடம் வெறுங்கையைக் காட்டிவிட்டு வெளியேறுவது பொருத்தமான மரியாதைதான். அதற்கு உள்ளங்கையை விரித்தாலே போதும், ஓசை தேவையில்லை.

முதல் பதில்தான் யோசிக்க வைக்கிறது. ஒருவர் தமக்குள் ஆழ்ந்து இருக்கிறார். அவரை நம் பக்கம் திருப்ப நினைக்கிறோம். அந்த உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? எப்படிக் கேட்டால் அது வேண்டுகோள், எப்படிக் கேட்டால் அது அத்துமீறல்? அழைக்கப்பட்டவர் திரும்பித்தான் ஆக வேண்டுமா? கடவுளை அழைப்பதானாலும் தெருவில் ஒருவரை அழைப்பதானாலும் இதே கேள்விகள்தான் எழுகின்றன. அவற்றை ஆராய்வதற்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம்.

சண்டேசுவரரின் கதையே இதைப் பற்றியதுதான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்ற சிறுவர் பசு மேய்க்கிறார். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் அமைத்து, பசுக்கள் தாமாகச் சொரியும் பாலை அதன்மேல் ஊற்றி வழிபடுகிறார். பால் வீணாகிறது என்று ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தன் மரத்தில் மறைந்திருந்து பார்க்கிறார். இறங்கி வந்து கோலால் மகன் முதுகில் அடிக்கிறார். மகனுக்கு அடி உறைக்கவே இல்லை. மனம் பூசையில் இருந்தது. அதன்பிறகுதான் தந்தை பால்குடத்தைக் காலால் இடறுகிறார். மகன் உடனே திரும்புகிறார். அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாக மாறித் தந்தையின் கால்களைத் துணித்துவிடுகிறது. சிவன் தோன்றி, இனி நானே உனக்குத் தந்தை என்று சொல்லித் தம் கொன்றை மாலையை அச்சிறுவருக்குச் சூட்டுகிறார். கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் வடபுறச் சுவரில், முதலாம் இராஜேந்திரன் காலத்துச் சிற்பி அந்த மாலை சூட்டலைச் செதுக்கியிருக்கிறான். சோழர் சிற்பங்களில் அதற்கு இணையானவை மிகக் குறைவு.

மகனின் வன்முறையை இன்றைய மனம் ஏற்பது எளிதல்ல. ஆனாலும் கதையில் கவனிக்க ஒன்று இருக்கிறது. தன்மேல் விழுந்த அடிக்கு விசாரசருமர் திரும்பவில்லை. வழிபாட்டுக்கு நேர்ந்த இழிவுக்குத்தான் திரும்பினார். கூப்பிட்டுப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் கோலை ஓங்கினார் எச்சதத்தன். அப்படி அடித்தும் திரும்பாத ஒருவரைத்தான் இன்று போகிற போக்கில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பப் பார்க்கிறோம். சிவாச்சாரியார்கள் பலர் இதைத் தவறென்றே சொல்கிறார்கள்.

1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்த 16 வயது வேங்கடராமனுக்கும் இந்த ஊர் முதலில் காட்டியது கோலைத்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் கண்மூடி அமர்ந்திருந்த அவர்மேல் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். இவனுக்கு உணர்வு இருக்கிறதா, திரும்பிப் பார்ப்பானா என்று சோதிக்கும் விளையாட்டு அது. அவர் மண்டபத்துக்குள்ளேயே இருந்த பாதாள லிங்கக் குழிக்கு நகர்ந்தார். அதே ஊரில் வாழ்ந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள் சிறுவர்களை விரட்டிப் பார்த்தார். இருட்டில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் இளைஞர் அசையவில்லை. கடைசியில் சிலர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சுப்பிரமணியர் சன்னிதி அருகே வைத்தார்கள்.

பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அந்த இளைஞர், இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898இல், அய்யங்குளத்தை ஒட்டிய அருணகிரிநாதர் கோயிலில் தங்கியிருந்தபோது பிச்சைக்குப் போனார். ஒரு வீட்டு வாசலில் நிற்பார். பேச மாட்டார். மெல்லக் கைதட்டுவார். யாராவது கவனித்து எதையாவது கொண்டுவந்தால் இரு கைகளையும் குவித்து வாங்கி, தெருவிலேயே நின்று உண்பார். வீட்டுக்குள் போகமாட்டார். நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது.

இதுவும் கைதட்டல்தான். சன்னிதியில் கேட்கும் தட்டலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடையின் பாதி இருக்கிறது. தட்டியவர் அங்கேயே நின்றார். வீட்டுக்காரர் வெளியே வரலாம், வராமலும் இருக்கலாம். வராவிட்டால் அடுத்த வாசல். கதவு திறந்திருந்தாலும் படியைத் தாண்டுவதில்லை. தட்டுவது அவர் செயல், திறப்பது இவர் விருப்பம் என்ற எல்லை அந்த வாசற்படியில் துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தது.

அந்த எல்லையை மொழிக்குள்ளும் காணலாம். ரமணாசிரமத்தை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலையில் மார்கழி, தை மாதங்களில் நடந்தால் பல நாட்டு மொழிகள் காதில் விழும். ஸ்பானிய மொழியும் அவற்றில் ஒன்று. ஸ்பானியர் முன்பின் தெரியாத ஒருவரிடம் வழி கேட்பதானால் 'டிஸ்குல்பே' என்றோ 'பெர்தோனே' என்றோ தொடங்குவார்கள். இரண்டுமே மன்னிப்புக் கேட்பவை, இரண்டுமே மரியாதைப் பன்மைக்கு நிகரான வடிவத்தில் அமைந்தவை. அடுத்தவரின் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வதுகூட அனுமதி வேண்டிய செயல் என்ற எண்ணம் அந்த மொழியின் அன்றாட நாகரிகத்தில் ஊறியிருக்கிறது.

அந்த மொழியில் எழுதிய ஒரு துறவி இதைக் கடவுள் வரைக்கும் கொண்டுபோனார். அவிலாவின் தெரேசா. 1515இல் பிறந்து 1582இல் மறைந்த கார்மேல் சபைக் கன்னியாஸ்திரீ. 1577இல் அவர் எழுதிய 'உள்ளக் கோட்டை' என்ற நூல் ஆன்மாவை ஏழு சுற்று அறைகள் கொண்ட கோட்டையாகக் காட்டுகிறது. கோட்டைக்குள் நுழையும் வாசல் பிரார்த்தனை. எது பிரார்த்தனை என்று அவர் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுகிறார்: யாரிடம் பேசுகிறோம், என்ன கேட்கிறோம், கேட்கிற நான் யார் என்ற நினைவே இல்லாமல் உதடு எவ்வளவு அசைந்தாலும் அதைப் பிரார்த்தனை என்று ஏற்க முடியாது என்கிறார். அடிமையிடம் பேசுவதுபோல, வாய்க்கு வந்தபடி, எப்படிப் பேசுகிறோம் என்ற அக்கறையின்றி ஆண்டவனிடம் பேசுவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார்.

மற்றொரு நூலான 'நிறைவின் வழி'யில் இதற்கு ஒரு மறுபக்கத்தையும் வைக்கிறார். அரசவையில் பேசுவதற்குப் பட்டங்களும் முறைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டவன் அவையில் அப்படியில்லை. பணிவுள்ள ஓர் இடையனின் முரட்டுப் பேச்சு, பணிவற்ற கல்விமானின் நயமான பேச்சைவிட அங்கே விரும்பப்படும். பெரியபுராணத்தின் வேடர் கண்ணப்பரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாயில் சுமந்து வந்த நீரும் சுவைத்துப் பார்த்த இறைச்சியும் காளத்தியில் ஏற்கப்பட்டன. ஆக, தெரேசா கேட்கும் மரியாதை சடங்குமுறை அன்று. எதிரில் இருப்பவர் யார் என்ற முழு நினைவைத்தான் அவர் கேட்கிறார்.

தெரேசாவின் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி, கேட்கிற நான் யார் என்பது, திருவண்ணாமலைக்கு நன்கு பழக்கமானது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் மலைமேல் விரூபாட்ச குகைக்கு வந்தார். அங்கிருந்த ரமணர் அப்போது பேசுவதில்லை. பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அவற்றின் தொகுப்புதான் 1923இல் வெளிவந்த 'நான் யார்?'. பேசாதவரைப் பேசச் சொல்லிப் பிள்ளை வற்புறுத்தவில்லை. அவருக்கு எது இயல்போ அந்த வழியிலேயே பதிலை வாங்கிக்கொண்டார். உலகெங்கும் பல மொழிகளில் படிக்கப்படும் ஒரு சிறு நூல், கேட்டவரின் இந்தப் பண்பால் கிடைத்தது.

ஸ்பானிய மரபில் வளர்ந்த ஒருவர் அந்தச் சன்னிதானத்தில் அமர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. மெர்சிடிஸ் டி அகோஸ்டா, கியூபாவில் பிறந்த தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் நியூயார்க்கில் பிறந்தவர். நாடகாசிரியர், ஹாலிவுட் வட்டாரத்தில் அறியப்பட்டவர். 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து மூன்று நாள் தங்கினார். கூடத்தில் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்த பிறகு, யாரை, எதைப் பின்பற்றுவது என்று கேட்டார். அது உனக்கே தெரியும், அதை நான் ஏன் உறுதிப்படுத்த வேண்டும் என்ற பொருளில் பதில் வந்ததாக 1960இல் வெளியான தம் நினைவுநூலில் எழுதுகிறார். அந்த நூலை ரமணருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். கேள்வி யாரிடமிருந்து எழுந்ததோ அவரிடமே திரும்பிப் போய்விட்டது.

ஆனால் இவ்வளவு மரியாதை பார்த்தால் பக்தி என்ன ஆகும்? தமிழ்ப் பக்தி கதவை இடித்துக் கூப்பிடும் பக்தி அல்லவா? நியாயமான கேள்வி. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இந்த ஊரில்தான் பாடினார் என்பது மரபு; கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலைக்கு அருகே அவருக்குக் கோயிலே இருக்கிறது. மார்கழி விடியலில் பெண்கள் கூடி வந்து, இன்னும் எழாத தோழியின் வாசலில் நின்று கூப்பிடுவதுதான் அந்த 20 பாடல்களில் தொடக்கப் பாடல்களின் காட்சி. கேலி செய்கிறார்கள், சீண்டுகிறார்கள், முந்தைய நாள் அவள் பேசிய பேச்சை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனாலும் வாசலிலேயே நிற்கிறார்கள். உள்ளேயிருந்து பதில் வர இடம் விட்டு விட்டுப் பேசுகிறார்கள். 

ரமணரின் அட்சரமணமாலை பிறந்த கதை இன்னும் நெருக்கமானது. விரூபாட்ச குகையில் இருந்த அடியார்கள் ஊருக்குள் பாட்டுப் பாடிப் பிச்சைக்குப் போவார்கள். மக்களும் மலைச்சாமியின் கூட்டம் என்று உணவு கொடுப்பார்கள். இதை அறிந்த வேறு சிலர் அவர்களுக்கு முன்பே அதே பாட்டைப் பாடிக்கொண்டு போய் உணவை வாங்கிவிட்டார்களாம். தங்களை அடையாளம் காட்ட தனியாக ஒரு பாட்டு வேண்டும் என்று அடியார்கள் கேட்டதால் எழுந்தவை அகர வரிசையில் அமைந்த அந்த 108 கண்ணிகள். வீட்டுக்காரரின் காதில் விழ வேண்டிய பாட்டு. உள்ளே பார்த்தால் அருணாசலனின் காதில் விழ வேண்டிய முறையீடு. அழைத்தது நீ, இப்போது கைவிடலாமா என்று உரிமையோடு வழக்காடுகிறது அது. அப்படி வழக்காடுகிறவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பதில் மயக்கமே இல்லை. ஒவ்வொரு கண்ணியும் அந்தப் பெயரில் வந்துதான் நிற்கிறது. தெரேசாவின் அளவுகோலில் இது முழுப் பிரார்த்தனை.

இனி அழைக்கப்பட்டவரின் பக்கம். இதுதான் கடினமான பக்கம்.

1898 டிசம்பரில் ரமணரின் தாய் அழகம்மாள் மூத்த மகன் நாகசாமியோடு திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றில் ஒரு பாறைமேல் சடைபிடித்த தலையோடு, அழுக்குக் கோவணத்தோடு இருந்தவரைத் தம் பிள்ளை என்று அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். நாள்தோறும் தின்பண்டம் கொண்டுவந்தார். திட்டினார், அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் எழுந்து அப்பால் போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த பச்சையப்பப் பிள்ளை என்பவருக்கு மனம் பொறுக்கவில்லை. பெற்றவள் இப்படி அழுகிறாளே, வரப்போகிறீர்களா இல்லையா என்பதையாவது சொல்லக்கூடாதா, பேசாவிட்டால் எழுதியாவது காட்டுங்கள் என்று தாளையும் பென்சிலையும் நீட்டினார். அவர் எழுதினார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், ஆகையால் மௌனமே நல்லது என்று பொருள்படும் சில வரிகள். தாயார் ஊர் திரும்பினார்.

பச்சையப்பப் பிள்ளையின் குறுக்கீட்டை வரலாறு சரியாகக் கொண்டாடவில்லை என்றே சொல்ல வேண்டும். மௌனத்தைக் கலைக்க அவர் முயலவில்லை, மனமாற்றமும் கேட்கவில்லை. அழைத்தவளுக்கு ஒரு பதில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். மறுப்பதற்கு மகனுக்கு உரிமை உண்டு. பதிலே இல்லாமல் தாயை அலைய விடும் உரிமை உண்டா? தாளை வாங்கி எழுதியதன் மூலம் அந்தத் துறவியே அதற்கு விடை சொல்லிவிட்டார். துறவு, உறவின் கோரிக்கையை மறுத்தது. கோரியவளை மனிதராக மதிப்பதை மறுக்கவில்லை.

அந்தத் தாய் 1916இல் மகனோடு வாழவே வந்துவிட்டார். கந்தாசிரமத்தில் அடியார்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவர் இறக்கும் நிலையில் கிடந்தபோது, மகன் காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை அருகிலேயே இருந்தார். ஒரு கை தாயின் நெஞ்சில், ஒரு கை தலையில். பவழக்குன்றில் கிடைக்காத கவனம் இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துக் கேளாமலே முழுமையாகக் கிடைத்தது. அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது.

தாய் மறைந்த பிறகு ரமணர் வாழ்க்கையில் கூப்பிடுகிறவருக்குத் தடையே இருக்கவில்லை. பழைய கூடத்தில் அவர் சோபா இருந்த இடத்துக்கு யாரும் எப்போதும் வரலாம். அணில்கள் மேலே ஏறி முந்திரிப்பருப்புக் கேட்கும். லட்சுமி என்ற பசு நேராக வந்து காலடியில் தலை வைக்கும். முதுமையில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்று, நண்பகல் உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே வரக்கூடாது என ஆசிரம நிர்வாகம் விதி செய்தது. அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்றுதானே விதி, நான் வெளியே வரக்கூடாது என்று இல்லையே என்றாராம். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் வந்தபோது கூடத்துக்குப் போகும் முன்பே, ஆசிரமத்தில் தங்கியிருந்த மேஜர் சாட்விக்கின் குடிலில் மயங்கி விழுந்தார். அவரால் வர முடியவில்லை என்று கேட்டதும் ரமணர் தாமே அங்கே நடந்து போனார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றார் எழுத்தாளர். பேசாமல் இருப்பதும் பேச்சுத்தான் என்று சொல்லி அவரோடு சற்று நேரம் அமர்ந்திருந்தார் மகரிஷி. புற்றுநோய் முற்றிய கடைசி நாட்களில்கூடத் தரிசனத்தை நிறுத்தக்கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். 1950 ஏப்ரல் 14 மாலை வரை மக்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு 8:47க்கு அவர் மறைந்தார்.

இந்த மரபுக்குச் சொந்தமான ஊரில் இன்று கவனத்தைக் கேட்கும் நாகரிகம் தேய்ந்துவருவது வருத்தம் தருகிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பல இடங்களில் ஒலிபெருக்கி ஒன்றோடொன்று மோதுகிறது. கண்மூடி அமர்ந்திருக்கும் சாதுவின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். நந்தியின் காதில் ரகசியம் சொல்ல முண்டியடிக்கிறார்கள். கல்லெறிந்த சிறுவர்களிடமிருந்து இது அதிக தூரம் விலகியதல்ல. ஒரு புகைப்படத்துக்குக்கூட, "சாமி, எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தலையசைப்புக்குக் காத்திருக்க முடியும். தலையசைக்காவிட்டால் நகர்ந்துவிடவும் முடியும்.

அதே பாதையின் ஓரத்தில், வரிசையாக அமர்ந்திருக்கும் சாதுக்களும் முதியவர்களும் கடந்து போகிற ஒவ்வொருவரையும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் காதில் விழாததுபோல நடக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுக்க யாராலும் முடியாது. அப்படி யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கூப்பிட்டவரின் முகத்தைப் பார்த்து, "இல்லைங்க சாமி" என்றாவது ஒரு பதில் சொல்லிவிட்டு நடக்க வேண்டும்.